அறுகுபோல் வேரோடி

கோல்ஃப் மைதானத்தில் பந்து விழுகிற குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே அளவுதான். குழியை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் சுற்றிலும் கால்பட்டுப் புல் தேய்ந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்னால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். வெட்டுகிற கருவியை நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் திருகி இறக்கி, மேலே இழுத்தால் ஒரு சாண் நீளத்துக்கு மண் உருளையாக வெளியே வரும். தலையில் மூன்று மில்லிமீட்டர் புல், அதற்குக் கீழே மணலும் வேரும். அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கி, விளிம்பு தெரியாதபடி அழுத்தி, கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு அடுத்த கிரீனுக்குப் போக வேண்டும். கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. மொத்தம் 18 கிரீன்.

துபாயில் நான் நான்கு வருடம் இந்த வேலையைச் செய்தேன். அத்தனை உருளைகளில் ஒன்றையாவது உடைத்துப் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேகமாக வெட்டு, வேகமாக மூடு, ஆட்டக்காரர்கள் வருவதற்குள் வெளியே போ. அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

2012-ல் புது சூப்பரின்டென்டென்ட் வந்தார். மைதானத்தின் புல், மண், தண்ணீர், ஆட்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர். வந்த மூன்றாவது நாள் ஏழாவது கிரீனில் என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். உருளையை எடுத்துக்கொண்டு பழைய குழிக்குப் போகப் பார்த்தேன். "இரு, கீழே வை" என்றார். பேனாக்கத்தியால் அதை நெடுகப் பிளந்தார். மேலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரை வெள்ளை வேர், அதோடு சரி. அதற்குக் கீழே விரல் கனத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அழுகின முட்டை நாற்றம்.

அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் வடியாத பள்ளக்கால் வயலில் கால் வைத்தால் குமிழி விட்டுக்கொண்டு கிளம்புகிற அதே வாடை. எனக்கு வந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன். "எங்க ஊரில் இப்படி நாறினால் தண்ணீரை வடித்து வயலைக் காயப்போடுவோம் சார்." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கேயும் அதைத்தான் செய்யப்போகிறோம்" என்றார். அந்த மாதமே என்னைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்.

என் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யம் போகிற வழியில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காவிரியின் கடைமடை. அப்பாவுக்குப் பத்து மா நிலம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் புல் என்றால் எதிரி. வயலில் கோரை, வரப்பில் அறுகு. கோரையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். பத்து நாளில் மறுபடி தலைநீட்டும். அறுகு இன்னும் பிடிவாதம். வரப்பு வெட்டி அண்டை கட்டும்போது ஒரு கணு மண்ணுக்குள் தப்பினால் போதும், அடுத்த நடவுக்குள் வரப்பை மூடிவிடும். அறுகங்கட்டையைப் பொறுக்கிப் பொறுக்கி வெயிலில் காயப்போட்டு எரிப்பார் அப்பா. அதே அப்பாதான் ஊரில் கல்யாணம் என்றால் அட்சதை போட்டு "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவார். அறுகின் வேரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு இன்னும் தெரியாது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வயலுக்குள் வந்தது. ஆட்கள் பிழைத்தோம், நிலம் பிழைக்கவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு வயல் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மேல்மண்ணை வழித்து எடுத்தார்கள். வேளாண்மைத் துறை ஜிப்சம் கொடுத்தது. வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கினோம், வடித்தோம், மறுபடி தேக்கினோம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். 2005-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. அந்த மழைதான் பாதி உப்பைக் கழுவிக்கொண்டு போனது. ஆனாலும் கடன் நின்றது. 2006-ல் நான் விமானம் ஏறினேன். விசாவில் போட்டிருந்த வேலை, லேண்ட்ஸ்கேப் லேபர்.

முதலில் சேர்ந்த இடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு நாள் மத்தியானம், மேஸ்திரி ஒரு மூட்டை அம்மோனியம் சல்பேட்டைக் காட்டி, "அந்த டீயில் போட்டுவிடு" என்றார். டீ என்றால் ஆட்டக்காரர் பந்தை முதலில் அடிக்கிற சின்ன மேடை. எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன். "பச்சையாக வருகிற அளவுக்கு" என்றார். தள்ளுவண்டியில் கொட்டி இரண்டு சுற்று போட்டேன். முடிந்ததும் தண்ணீர் பாய்ச்சச் சொல்லவில்லை, நானும் பாய்ச்சவில்லை. மூன்றாம் நாள் காலை அந்த மேடையில் வண்டிச்சக்கரம் போன தடம் போன தடமாகப் புல் கருகிக் கிடந்தது. மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்தது கூட எனக்குப் பெரிதில்லை. என்ன தப்பு செய்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் வருடக்கணக்காக உறுத்திக்கொண்டே இருந்தது.

பதில் ஐந்து வருடம் கழித்துப் பயிற்சிப் பாடத்தில் கிடைத்தது. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து நூற்றுக்கு 21 பங்கு. உடனே கரைகிற உரமாக இருந்தால் ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்துக்கு மேல் போகாதே என்பது பாலபாடம். அப்படியானால் உரம் 24 கிராம்தான். அன்றைக்கு நான் கொட்டிய மூட்டையையும் அந்த மேடையின் பரப்பையும் நினைவிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட 70 கிராம். மூன்று மடங்கு. அதுவும் மத்தியான வெயிலில், இலையின் மேலேயே உப்பு உட்கார்ந்திருக்க. அந்தக் கணக்கை எழுதிய நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பயிற்சி என்றால் கல்லூரி வகுப்பு மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பக்கம் தொலைவழிச் சான்றிதழ்ப் படிப்பு; புத்தகம், கேள்வித்தாள், கடைசியில் பரீட்சை. இன்னொரு பக்கம் மைதானத்திலேயே செய்து காட்டிக் கற்கிற பாடம். காலை நான்கரைக்கு வேலை தொடங்கும். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த இரண்டரை மணி நேரத்தில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து படித்தேன்.

இதற்கெல்லாம் படிப்பு உண்டா என்று ஊரில் கேட்பார்கள். உண்டு, நூறு வருடத்துப் படிப்பு. 1927-ல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் வேளாண் கல்லூரியில் லாரன்ஸ் டிக்கின்சன் என்ற ஆசிரியர் மைதானத்தில் வேலை செய்கிறவர்களுக்காகவே குளிர்காலப் பள்ளி தொடங்கினார். பனி மூடி மைதானத்தில் வேலை இல்லாத நேரம் பார்த்து அவர்கள் வந்து படித்துவிட்டுப் போவார்கள். இரண்டே வருடம் கழித்து, 1929-ல், இங்கிலாந்தில் யார்க்ஷயரின் பிங்லியில் புல்தரைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அந்தப் பள்ளி கையில் கருவி பிடித்தவனுக்காகத் தொடங்கப்பட்டது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் நாட்டில் மலரியல் முதுநிலைப் படிப்பில் புல்தரை மேலாண்மை ஒரு பாடமாக இருக்கிறது, நல்லது. ஆனால் பூங்காவில் புல் வெட்டுகிறவருக்கு அந்தப் பாடத்தில் ஒரு பக்கமாவது போய்ச் சேர்கிறதா?

சரி, கறுப்புப் பட்டைக்கு வருகிறேன். நல்ல கிரீன் ஒன்றைக் கட்டுகிற முறையை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்டது. அப்புறம் சில தடவை திருத்தினார்கள், அடிப்படை மாறவில்லை. அடியில் வடிகால் குழாய், அதன் மேல் 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதன் மேல் 30 சென்டிமீட்டர் மணல். மணலுக்குக் கீழே ஜல்லி இருந்தால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். நடப்பது வேறு. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் அடி ஓரத்தில் மட்டும் ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். மேலே காய்ந்தாலும் அடி காயாது. மணலும் அப்படித்தான். மெல்லிய துளைகளில் பிடித்த தண்ணீரைப் பெரிய துளைக்குள் விடாது. அடிமணல் முழுக்க நிரம்பிய பிறகே மிச்சம் ஜல்லிக்குள் இறங்கும். இதனால் வறட்சியில் வேருக்கு அடியில் ஒரு சேமிப்பு, பெருமழையில் உடனடி வடிகால், இரண்டும் கிடைக்கிறது.

எங்கள் ஏழாவது கிரீனில் அந்த மணலைக் கெடுத்தது நாங்களேதான். ஒவ்வொரு ராத்திரியும் தண்ணீர். காய்ந்த சருகும் வேரும் மக்காமல் மேலே மெத்தைபோலச் சேர்ந்து, மணலின் துளைகளை அடைத்து, காற்றே உள்ளே போகாமல் செய்துவிட்டது. காற்றில்லாத இடத்தில் வாழ்கிற நுண்ணுயிர் விடுகிற வாயுதான் அந்த முட்டை நாற்றம். வேர் அந்த இடம் வரை வந்து திரும்பிவிடுகிறது. மேலே ஈரம் இருக்கும்போது கீழே போவதற்கு அதற்கு அவசியமும் இல்லை.

வைத்தியம் நாங்கள் ஊரில் செய்வதுதான், கருவி மட்டும் வேறு. உள்ளே துளையுள்ள ஊசிகளால் கிரீன் முழுக்கக் குத்தி, சுண்டுவிரல் கனத்தில் மண் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் துளைகளில் சுத்தமான மணலை நிரப்ப வேண்டும். முடித்ததும் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பதினைந்து நாளில் மூடிக்கொள்ளும். தண்ணீரை ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் என்பதிலிருந்து, இடைவெளி விட்டு ஆழமாக என்று மாற்றினோம். வெயில் உச்சத்தில் இலைக்கு மட்டும் கைக்குழாயால் ஒரு தெளிப்பு. எட்டு மாதம் கழித்து அதே ஏழாவது கிரீனில் நானே உருளையைப் பிளந்தேன். வேர் 12 சென்டிமீட்டர். மணல்துகள்கள் வேரில் ஒட்டிக்கொண்டு வெள்ளை நூலில் கோத்த மாதிரி தொங்கின. அதைப் போனில் படம் எடுத்து, அப்பாவிடம் காட்டச் சொல்லி என் தங்கைக்கு அனுப்பினேன். "தண்ணிய நிறுத்துனாத்தான் வேரு தண்ணியத் தேடிப் போவும், இதுக்குத் துபாய்க்கா போவணும்?" என்றாராம் அப்பா. சொல்லிவிட்டுப் படத்தைத் திருப்பித் தராமல் வெகு நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தங்கை சொன்னாள்.

படிப்பில் என்னை உலுக்கியது இன்னொன்று. எங்கள் கிரீனிலும், டீக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கிற ஃபேர்வேயிலும் இருந்த புல்லுக்குப் பெர்முடா என்று பெயர். வாசிக்க எடுத்த அத்தியாயத்தில் அதன் தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான் என்று இருந்தது. படத்தைப் பார்த்தேன். கணு, கணுவில் வேர், விரல் விரித்த மாதிரி பூங்கதிர். அறுகு! பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகு. அப்பா எரித்த அதே அறுகு. வெப்ப நாடுகளில் பாதி உலகம் விளையாடுவது அதன் மேலேதான். மைதானங்களில் இருப்பது பெரும்பாலும் நம் அறுகும் ஆப்பிரிக்காவின் மெல்லிய அறுகு இனம் ஒன்றும் கலந்த கலப்பினம். அது விதை வைக்காது. கட்டையை நறுக்கி நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஒரு கணு தப்பினால் போதும் என்று அப்பா பயந்த குணம் இங்கே நாற்றங்காலுக்கு முதலீடு.

இந்தக் கலப்பினங்களைத் தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிளென் பர்ட்டன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற சின்ன ஊரில் 1936 முதல் வேலை செய்தவர். 1956-ல் டிஃப்கிரீன், 1960-ல் டிஃப்வே. ஊர்ப் பெயரையே புல்லுக்கும் வைத்தார்கள். இதே மனிதர் கம்புப் பயிரிலும் வேலை செய்திருக்கிறார். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற, மகரந்தம் தராத ஆண்மலட்டுத் தாய் வரிசையை வைத்துத்தான் 1965-ல் லூதியானாவில் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்பி 1 வெளியானது. பிறகு அடிச்சாம்பல் நோய் வந்து அந்த ரகம் அடிவாங்கியது, அது தனிக்கதை. ஆனால் ஒரே ஆளின் கையிலிருந்து கோல்ஃப் மைதானத்துக்குப் புல்லும் நம் மானாவாரிக் காட்டுக்குக் கம்பும் வந்திருக்கின்றன என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புல் வேலை, பயிர் வேலை என்று நான் மனதுக்குள் போட்டிருந்த வரப்பு அன்றோடு கரைந்துபோனது.

உப்பு அத்தியாயத்தை நான் படிக்கவே தேவைப்படவில்லை. வளைகுடாவில் புல்லுக்குப் பாய்ச்சுவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். அதில் உப்பு இருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகம் விட்டு, உப்பை வேருக்குக் கீழே தள்ளி, வடிகாலில் வெளியேற்ற வேண்டும். சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டால் ஜிப்சம். தாழ்வான, வடிகால் சரியில்லாத இடங்களில் உப்பைத் தாங்குகிற கடலோரப் புல்லான பாஸ்பாலம். களர், உவர், ஜிப்சம், தேக்கி வடித்தல்... 2005-ல் எங்கள் தெருவில் குழந்தைகூட இதைப் பேசியது. தேர்வில் அந்தப் பகுதியில் எனக்கு முழு மதிப்பெண். சூப்பரின்டென்டென்ட் எங்கே கற்றாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

வாசிப்பில் வராத பாடம் ஒன்றை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் மெக்கானிக், கண்ணூர்க்காரர். எல்லோருக்கும் அவர் சேட்டன். ரீல் மோவர் என்கிற புல்வெட்டும் இயந்திரம் கத்தரிக்கோல் மாதிரி. சுழல்கிற பிளேடுகள் புல்லை இழுத்துக்கொண்டு வந்து, அடியில் அசையாமல் இருக்கிற பட்டைக் கத்தியில் வைத்து நறுக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் நறுக்காது, பிய்க்கும். சேட்டன் ஒரு பழைய செய்தித்தாளைத் துண்டாகக் கிழித்துக் கத்திக்குக் குறுக்கே நீட்டி, ரீலைக் கையால் மெதுவாகச் சுழற்றுவார். காகிதம் சரக்கென்று வெட்டுப்பட்டால் சரி. மடங்கினால் மறுபடி திருகாணி. இடமிருந்து வலம்வரை ஏழெட்டு இடத்தில் பார்ப்பார். "தம்பி, காகிதம் பொய் சொல்லாது" என்பார். அப்புறம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து இலை நுனியைப் பார்க்கச் சொல்வார். கூரான கத்தி வெட்டிய நுனி நேர்க்கோடு. மழுங்கியது வெட்டியதோ, பிய்ந்த நூல் மாதிரி. அந்தப் பிய்ந்த நுனிதான் மறுநாள் வெளுத்து, மைதானமே சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். அடிக்க வேண்டியது மருந்தில்லை, தீட்ட வேண்டியது கத்தி.

வெட்டுவதைப் பற்றி ஒன்று எல்லா வீட்டுக்கும் உதவும், அதனால் சொல்கிறேன். ஒரு தடவைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. புல்லின் குருத்து தரையை ஒட்டி இருக்கிறது. ஆடு மேய்ந்தாலும் அதனால்தான் பிழைக்கிறது. ஆனால் இலைதான் அதற்கு அடுப்படி. மொட்டையடித்தால் வேரில் சேர்த்துவைத்ததை எடுத்துச் செலவழித்து இலை விடும். தலை குட்டையாகக் குட்டையாக வேரும் குட்டையாகும். வாடகை வீட்டு முன்னால் கார்ப்பெட் கிராஸ் போட்டுவிட்டு, மாதம் ஒரு முறை ஆளைக் கூப்பிட்டு ஒட்ட வெட்டுகிறார்கள். நடுவில் ஏன் மஞ்சளாகிறது என்று நர்சரிக்காரரைத் திட்டுகிறார்கள். அதே மாதிரி மாமரத்தடியில் அறுகு போடாதீர்கள். அது வெயில் புல். நிழலில் மெலிந்து மெலிந்து போய்விடும்.

மரம், செடி, நடைபாதை ஓரம், பேரீச்சை வரிசை, இவையும் பாடத்தில் இருந்தன. அவற்றை விரிவாக எழுதப் போவதில்லை, ஒன்றைத் தவிர. நைலான் நரம்பு சுழல்கிற புல்வெட்டியை மரத்தின் அடியில் ஒட்டிக் கொண்டுபோகிற பழக்கம். ஒவ்வொரு தடவையும் பட்டையில் ஒரு கீறல். வருடம் முழுக்க வட்டமாகக் கீறினால் பட்டைக்கு உள்ளே உணவு இறங்குகிற பாதை அறுந்து, மரம் நின்ற இடத்திலேயே பட்டினி கிடந்து சாகும். லீவில் வந்திருந்தபோது சென்னையில் ஒரு பூங்காவில் பதினான்கு பூவரசங்கன்றுகளின் அடியைக் குனிந்து பார்த்தேன். பதினொன்றில் அந்த வளையம் இருந்தது. தெருவோர வேம்புகளுக்குக் கழுத்துவரை சிமென்ட். வெட்டுகிறவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடியில் ஒரு முழத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சருகு போட்டுவை, கருவியை அங்கே கொண்டுபோகாதே என்று பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்ல ஒருவர் இல்லையே என்றுதான் வந்தது. அந்தப் பூங்காவில் களைக்கொத்தோடு குந்தி உட்கார்ந்து களையெடுத்த ஓர் அம்மாவிடம் பேசினேன். கோரையில் எந்தப் பருவத்தில் கிழங்கு இளசாக இருக்கும், எந்த ஈரத்தில் பிடுங்கினால் கிழங்கோடு வரும் என்று அவர் சொன்னதை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. அவருக்குத் தினக்கூலி. அவர் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சான்றிதழும் இல்லை.

மருந்து டப்பாவில் முக்கோணம் போட்டிருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. இந்தியாவில் விற்கிற பூச்சிக்கொல்லியின் விஷ அளவை அதுதான் சொல்கிறது. சிவப்பு கொடியது, பச்சை குறைந்தது. என் சித்தப்பா முப்பது வருடம் மருந்து அடித்தார். கையாலேயே கலக்குவார். அந்த முக்கோணத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது அவருடைய கைத்தோல் உரிந்து உரிந்து பழுத்துப் போயிருந்தது. கையுறை, கண்ணாடி, காற்றடிக்கிற திசை, அடித்த இடத்தில் எத்தனை மணி நேரம் கழித்து இறங்கலாம்... இந்தப் பாடத்தை நான் வகுப்பு எடுக்கும்போது ஒரு நாளும் அவசரப்படுவதில்லை.

ஆமாம், இப்போது நான் வகுப்பு எடுக்கிறேன். சான்றிதழ் வந்து, ஃபோர்மேன் ஆகி, உதவி சூப்பரின்டென்டென்ட் ஆன பிறகு தொடங்கினேன். திங்கட்கிழமை சாயங்காலம், ஷெட்டில், தமிழில். பதினொரு பேர் வருகிறார்கள். பாடத்தைத் தமிழில் எழுதும்போது வார்த்தைகள் எனக்கு முன்னாலேயே ஊரில் காத்திருந்தன. தாட்ச் என்பதைச் சருகு மெத்தை என்று எழுதினேன். மண்ணுக்குள் ஓடுவது கட்டை, மேலே ஓடுவது ஓடுகொடி. வடிகாலுக்கு வடிகால்தான். களருக்கும் உவருக்கும் வித்தியாசம் சொல்ல இங்கிலீஷில் ஒரு பக்கம் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களிடம் இரண்டு வார்த்தை போதும். தண்ணீர் ஒரே சீராக விழுகிறதா என்று பார்க்க மெஸ்ஸிலிருந்து காலி டின்களைச் சேர்த்துக் கிரீனில் வரிசையாக வைத்து, பதினைந்து நிமிடம் தெளிப்பானைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி என்று அளக்கிறோம். ஒரு மூலையில் 12, இன்னொரு மூலையில் 31. காய்ந்த மூலைக்காகக் கிரீன் முழுவதற்கும் தண்ணீர் கூட்டியிருக்கிறோம் என்று டின்னைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு விளக்கமே தேவையில்லை. முனையைக் கழற்றினால் அடைப்பு.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். போன வாரம் கைத்தெளிப்பானை அளவுபடுத்துகிற பாடம். வண்டி நிறுத்துகிற இடத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டினோம். தார்த்தரையில் அடித்தால் எங்கே ஈரம் விடுபட்டது, எங்கே இரட்டையாக விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். 16 லிட்டர் டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி, மைதானத்தில் நடக்கிற அதே நடையில் அடிக்கச் சொன்னேன். மூன்று தடவை அடித்தான். 4.1 லிட்டர், 3.9, 4. அவனுடைய நடை அவ்வளவு சீரானது. ஷெட் கதவில் சாக்பீஸால் அவனே எழுதினான். 100 சதுர மீட்டருக்கு 4 லிட்டர். அப்படியானால் ஒரு டேங்க் 400 சதுர மீட்டருக்கு. லேபிளில் 100 சதுர மீட்டருக்கு 20 மில்லி. ஒரு டேங்குக்கு 80.

சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றான். "அண்ணே, நான் இத்தனை நாளும் ரெண்டு மூடி ஊத்திட்டு இருந்தேனே. ஒரு மூடி எவ்வளவு பிடிக்கும்?"

அளவுக் குவளையை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். மூடியில் தண்ணீர் நிரப்பி ஊற்றினான். 60. இரண்டாவது மூடியையும் ஊற்றினான். குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோட்டைப் பார்த்துவிட்டு, கதவில் 80-க்குப் பக்கத்தில் 120 என்று எழுதினான். மற்றவர்கள் ஒருவரும் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் டேங்க் மூடிகளை எடுத்துக்கொண்டு வந்து குவளைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

மறுநாள் காலை நான் ஷெட்டைத் திறந்தபோது அவனுடைய தெளிப்பான் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் நீல மையில் எழுதியிருந்தான்: 16 லிட்டர், 80 மில்லி.